அப்பாவின் எடை

அன்றைக்குக் காலையில் அப்பாவைத் தூக்கியபோது கட்டில் சத்தம் போடவில்லை.

சத்தம் போடாமல் இருக்கிற கட்டிலா அது! இரும்புக் கட்டில். ஒரு காலின் திருகு என்றைக்கோ கழன்று போய், அட்டையை மடித்து அடியில் செருகி வைத்திருந்தது. அப்பா இருமினால் போதும், நாலு காலும் சேர்ந்து முனகும். புரட்டிப் படுக்க வைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கும்போதோ, பாரம் விட்ட நொடியில் அதன் கம்பிகள் எல்லாம் அப்பாடா என்று நீளமாக ஒரு சத்தம் எழுப்பும். அந்தச் சத்தம்தான் வரவில்லை. வெளியே யாரோ வாளியில் தண்ணீர் பிடிப்பது கேட்டது, சுவர்க் கடிகாரம் கேட்டது, அப்பாவின் மூச்சு மருந்து வாசனையோடு அவன் கழுத்தோரம் வந்து வந்து போனது. கட்டில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"பாத்தியாப்பா? சல்லுனு தூக்கிட்டேன்."

அப்பாவின் வாயில் வலது பாதி மட்டும் சிரித்தது. இடது பாதி சிரித்து வெகுநாளாயிற்று. அவன் சந்தோஷப்பட்டான். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே என்று நினைத்துக்கொண்டான் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

அவனுக்குக் குச்சி என்று பெயர். முழுப் பட்டம் ஒட்டடைக்குச்சி. வேலை செய்கிற பார்சல் ஆபீஸில் வைத்தது. உயரத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, நிலைப்படி எல்லாம் தலையில் இடிக்கும். அகலம்தான் இல்லை. காற்றடிக்கிற நாளில் லோடுமேன் அண்ணன், "டேய், எதையாவது புடிச்சுக்கோடா, பறந்துடப் போற," என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். ஆனால் ஆபீஸில் அவனுக்கு ஒரு மரியாதையும் இருந்தது. பொட்டலத்தைக் கையில் வாங்கினாலே எடை சொல்லிவிடுவான். தராசில் வைப்பதெல்லாம் அனுப்புகிறவரின் மனத்திருப்திக்கு. அவன் சொன்ன இடத்தில்தான் முள் போய் நிற்கும்.

அப்பா அப்படியே எதிர்மாறு. லாரி ஓட்டியவர். தோளும் கழுத்தும் ஒன்றாகச் சேர்ந்த உடம்பு, மார்பு முழுக்கச் சுருள் சுருளாக முடி. ஒருநாள் பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம், அக்கா வேறு ஊரில். வீட்டில் அப்பாவும் அவனும்தான்.

குளியலறையில் அப்பா வழுக்கி விழுந்த சத்தத்தை அவன் மறக்கவே இல்லை. அரிசி மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய் அக்குளில் கை கொடுத்து இழுத்தான். அசையவில்லை. முழங்காலை ஊன்றி இழுத்தான். ஊகூம். கடைசியில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, லோடுமேன் அண்ணனுக்குப் போன் போட்டான். அவர் வந்து சேரும்வரை குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அப்பா குளிரில் நடுங்கிக்கொண்டே, "ஏணி மாதிரி புள்ளை வளத்தேன், ஏற முடியலையேடா," என்று கேலி வேறு செய்தார். அவனுக்கு அழுகை வந்தது. அப்போதெல்லாம் அவனுக்கு அழுகை வரும்.

அன்றைக்கே அக்கா போனில் சொல்லிவிட்டாள். "உன்னால தூக்க முடியலன்னா முடியலன்னு சொல்லு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல. முதியோர் இல்லம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். லீவு கிடைச்சதும் வர்றேன். வந்து பாப்பேன். நீ தூக்குறியா இல்லையான்னு என் கண்ணால பாத்துட்டுத்தான் முடிவு."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, "அனுப்பிடாதடா," என்றார். "நான் உனக்குப் பாரமா இருக்க மாட்டேன்."

"யாருப்பா அனுப்புறது? அவ வர்றதுக்குள்ள உன்னை ஒத்தக் கையில தூக்கிக் காட்டுறேன் பாரு."

மறுநாளே ஜிம்முக்குப் போனான். பழைய கிடங்கை ஜிம்மாக்கியிருந்தார்கள். துரு, வியர்வை, ரப்பர் எல்லாம் கலந்த வாசனை. மாஸ்டர் அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தார், அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மேல ஏத்தத்தான் ஒண்ணும் இல்ல," என்றார். "ரெண்டே விஷயம்தான் தம்பி. ஒண்ணு, சாப்பாடு. தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கக் கூடாது. உன் தட்டுல மட்டுமில்ல, வீட்டுல யார் மிச்சம் வெச்சாலும் அது உன்னுது. ரெண்டாவது, நேத்து கனமா இருந்த வெயிட் இன்னிக்கு லேசா இருக்கா? அப்ப நீ ஏறிட்டேன்னு அர்த்தம். வேற எதையும் பாக்காத, கண்ணாடியப் பாக்காத."

அவன் இரண்டையும் அப்படியே பிடித்துக்கொண்டான். புதிதாகச் சேர்ந்தவனுக்கு மாஸ்டர் சொல்வதுதானே வேதம். குனிந்து எடுக்காமல் உட்கார்ந்து எடுக்கக் கற்றான், முதுகை நேராக வைக்கக் கற்றான். வீட்டில் அப்பாவைத் தூக்குவதையும் அதே முறையில் செய்தான். முட்டை, பால், வாழைப்பழம், மலை மாதிரி சோறு. வயிறு வெடித்துவிடும் போல இருக்கும், இருந்தாலும் தள்ளுவான். அப்பாவோ தன் தட்டில் பாதி தின்றுவிட்டு, நன்றாக இருக்கிற வலது கையால் தட்டை அவன் பக்கம் நகர்த்துவார்.

"எனக்குப் போதும். நீ சாப்பிடு."

அவன் வாரித் தின்பதை அப்பா கண் கொட்டாமல் பார்ப்பார். கடைசி வாய் இறங்கியதும் ஒரு பெருமூச்சு விடுவார். சாப்பிட்டது அவர்தான் என்பதுபோல இருக்கும்.

உடம்பு ஏறியது. ஏறியதென்றால் மாஸ்டரே வாய் பிளக்கும்படி ஏறியது. சட்டை அக்குளில் பிடித்தது, கழுத்துப் பொத்தான் போட முடியவில்லை. அப்பா நாளுக்கு நாள் லேசானார். கட்டிலின் முனகல் குறைந்து குறைந்து, அந்தக் காலையில் நின்றே போனது. டாக்டரிடம் கேட்டதற்கு, "படுத்தே இருந்தா சதை கரையத்தான் செய்யும், பயப்படாதீங்க," என்றார். அவன் பயப்படவில்லை.

பயப்படாததுதான் அவனுக்கு உறுத்தியது.

ஏனென்றால் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. புதிதாக வந்த சதைக்கு உணர்ச்சி இல்லை. முதலில் புஜத்தில் கவனித்தான். பார்சல் ஆபீஸ் கதவு இடுக்கில் கை சிக்கி, தோல் வழன்று ரத்தம் சட்டையை நனைத்ததை லோடுமேன் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். வீட்டுக்கு வந்து கிள்ளிப் பார்த்தான். விரலுக்குத் தோல் தெரிந்தது, தோலுக்கு விரல் தெரியவில்லை. வேறு யாருடைய கையையோ தொட்ட மாதிரி இருந்தது. அது தோளுக்கு ஏறியது, மார்புக்கு இறங்கியது. கொதிக்கிற பால் தொடையில் கொட்டியபோது ஆவி பறப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். உள்ளேயும் அதேதான். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் சிரிப்பு இல்லை, அழுகை வர வேண்டிய இடத்தில் அழுகை இல்லை. தோல் எரிந்தாலும் தெரியாது, மனம் எரிந்தாலும் தெரியாது என்று ஆகிவிட்டது.

பார்சல் ஆபீஸில் ஒருநாள் ஒரு பெட்டியை வாங்கி, "காலிப் பெட்டி," என்றான்.

லோடுமேன் அண்ணன் அவனையே பார்த்தார். "என்னடா உளர்ற? உள்ள இருக்கிறது மோட்டார். நானும் இன்னொருத்தரும் சேர்ந்து இறக்குனோம்."

தராசில் வைத்தான். முள் சரேலென்று சுற்றிக்கொண்டு போனது. அடுத்த பொட்டலத்தை எடுத்தான், அதுவும் காலிதான். அடுத்தது. கைக்குள் எதுவுமே இல்லை. கண்ணை மூடினால் தான் எதையாவது பிடித்திருக்கிறோமா இல்லையா என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

"மாஸ்டர், கனமே தெரிய மாட்டேங்குது," என்றான் சாயங்காலம்.

"அடி சக்கை! அதுதான்டா வேணும்," என்று மாஸ்டர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். சத்தம் கேட்டுத்தான் தட்டினார் என்று தெரிந்தது. பிறகு அவர் அவன் பனியனுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, இந்த வயசுல இவ்வளவு நரையா? போன வாரம் மொழுமொழுன்னு இருந்த?"

அவன் குனிந்து பார்த்தான். மார்பில் முடி. சுருள் சுருளாக. வெள்ளையாக.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவின் சட்டைப் பொத்தானைக் கழற்றினான். விளக்கைப் போடவில்லை, ஜன்னலில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அப்பாவின் மார்பு மழமழவென்று, கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. விலா எலும்பு தெரிய வேண்டிய இடத்தில் அதுகூடத் தெரியவில்லை. அப்பா அவன் கையைப் பார்த்தார், அவன் புஜத்தைப் பார்த்தார். வலது பாதி சிரித்தது.

"நல்லா இருக்கேடா," என்றார்.

பயமாக இருக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் பயத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை. பொத்தானைத் திரும்பப் போட்டுவிட்டான்.

அன்றைக்குத்தான் அக்கா வீடியோ அழைப்பில் வந்தாள். போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க நடந்தான்.

"ஐயோ! அப்பா நடக்குறாரே!" அக்காவின் குரல் சந்தோஷத்தில் கிறீச்சிட்டது. "ஏன்டா சொல்லல? அப்பா... அப்பா, இந்தப் பக்கம் திரும்புங்க!"

அவன் திரும்பினான்.

போனில் அக்காவின் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைத்தான். போகவில்லை. அவள் கண் சிமிட்டினாள்.

"நீயா?" என்றாள். பிறகு மெதுவாக, "ஏன்டா இடது காலை இழுத்து இழுத்து நடக்குற?" என்றாள். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை வர்றேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவன் அப்பாவின் தட்டைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தான். முடிவு செய்தது உண்மை. அப்பாவுக்குத் தானே ஊட்டினான். வாய்க்குள் போனது இடது ஓரமாக வழிந்து வெளியே வந்தது. வழிந்ததைத் துடைத்து, ஊட்டி, துடைத்து, ஊட்டி, கடைசியில் பார்த்தால் தட்டு காலியாக இருந்தது. அவன் வாய் மென்றுகொண்டிருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. அந்தக் கை எங்கே போகிறது, வருகிறது என்பதெல்லாம் இப்போது பார்த்தால்தான் தெரிகிறது.

"போதும்பா," என்றான். "நீ சாப்பிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

அப்பா தட்டை நகர்த்தினார்.

சனிக்கிழமை காலையில் ஜிம்மிலிருந்து எடை பார்க்கிற மெஷினை இரவல் வாங்கி வந்து கூடத்தில் வைத்தான். முள் வைத்த பழைய மெஷின். ஏறி நின்றான். பார்த்தான். அவன் பழைய எடையையும், விழுவதற்கு முன்னால் அப்பாவுக்கு இருந்த எடையையும் கூட்டினால் என்ன வருமோ அதற்குப் பக்கத்தில் முள் நின்றது. கொஞ்சம்தான் பாக்கி.

இறங்கினான். உள்ளே போய் அப்பாவைப் போர்வையோடு சேர்த்துத் தூக்கி வந்தான். முதுகு நேராக. மெதுவாக ஏறி நின்றான்.

முள் அதே இடத்தில் நின்றது.

இறங்கினான், ஏறினான். அதே இடம்தான். மெஷினைக் காலால் தட்டினான். அப்பாவைச் சோபாவில் விட்டுவிட்டுத் தனியாக ஏறினான்.

அதே இடம்.

கைகளைப் பார்த்தான். தடித்த, நரைத்த கைகள். சோபாவைப் பார்த்தான். அப்பா உட்கார்ந்த இடத்தில் பஞ்சில் பள்ளம் விழவில்லை. போர்வைக்குள்ளிருந்து வலது கண் அவனைப் பார்த்தது. அதில் பாசத்தைத் தவிர ஒன்றுமே இல்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியாமல் போயிருக்கும். முன்பென்றால்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மழையோடு அக்கா வந்தாள். அவளும் அவனைப்போலத்தான், அம்மா வழி உயரம், அம்மா வழி ஒல்லி. நனைந்து வந்து நின்றபோது குடை எது, அக்கா எது என்று கேட்கலாம் போல இருந்தாள். வாசலிலேயே நின்று அவனை ஏறிட்டுப் பார்த்தாள். உள்ளே வர யோசித்தாள்.

"அப்பா எங்கடா?"

"உள்ளதான். இரு, தூக்கிட்டு வர்றேன். நீயே பாரு. அப்புறம் இல்லம் கில்லம்னு பேசக் கூடாது."

"சாப்பிட்டாரா?"

"பாதி சாப்பிட்டாரு."

தட்டு மீதிச் சோறோடு கூடத்துத் தரையில் இருந்தது. மழை பலத்தது. அவன் அறைக்குள் போனான். இடது கால் சரசரவென்று தரையைத் தேய்த்தது. குனியாமல், உட்கார்ந்து, முதுகை நேராக வைத்து, கைகளைப் போர்வைக்கு அடியில் கொடுத்தான். எழுந்தான். கட்டில் சத்தம் போடவில்லை. கூடத்துக்கு வந்து நின்றான். கைகளை நீட்டிக் காட்டினான். இதற்காகத்தானே இத்தனையும்.

"பாத்தியா?"

அக்கா பார்த்தாள்.

"போர்வைய எதுக்குடா தூக்கிட்டு வந்த? அப்பா எங்க?"

"இதோ."

அவள் கிட்டே வந்தாள். போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் விலக்கினாள். கத்தவில்லை. கையை மட்டும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே ஒரு கண் இருந்தது. சிரிக்கிற பாதி வாய் இருந்தது. மீதி எல்லாம் மடிப்பு.

"அவரு கனமே இல்லக்கா," என்றான். "நான்தான் ஏறிட்டேன்."

அப்போது இடது கை போனது. வலிக்கவில்லை. ஒரு விளக்கை அணைத்ததுபோல் போனது. கை தொங்கியது. போர்வை நழுவியது.

விழுந்த சத்தம் வரவில்லை.

அப்புறம் இடது கால்.

அவன் விழுந்த சத்தம் வந்தது. அந்தச் சத்தம்தான். அரிசி மூட்டையை லாரியிலிருந்து தள்ளிவிட்ட சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"டேய்! எழுந்திருடா!" அக்கா பாய்ந்து வந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். அவன் அசையவில்லை. முழங்காலை ஊன்றி இழுத்தாள். மூச்சிரைத்தது. ஈர முடி அவன் முகத்தில் விழுந்தது. "எழுந்திருடா, உனக்குப் புண்ணியமாப் போகும். என்னால முடியலடா. என்னால தூக்க முடியலடா."

கடைசியில் அவளும் தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பாவம், எவ்வளவு ஒல்லி. மணிக்கட்டெல்லாம் எலும்பு. வழியில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

அவன் எதுவும் செய்யவில்லை. வலது கைதான் நீண்டது. நரை முடி படர்ந்த கை தரையோடு போய்த் தட்டின் விளிம்பைத் தேடிப் பிடித்து, அவள் பக்கம் நகர்த்தியது.

"எனக்குப் போதும்," என்றது அவன் வாயின் வலது பாதி. அந்தக் குரலைக் கேட்டு அக்கா உறைந்தாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த குரல். "நீ சாப்பிடு. சாப்பிட்டா தூக்கிடலாம்."

தட்டுக்கும் அவளுக்கும் நடுவில் கிடந்த போர்வை, மெல்ல, சத்தமே இல்லாமல், அக்காவின் கைக்கு வழிவிட்டு ஒதுங்கிப் படுத்தது.